நிரலாளரிடம் கடை விரிக்கும்போது



கணினி நிரல் எழுதுகிறவர்களிடம் மென்பொருள் கருவிகளை எப்படி விற்பது, அவர்களைப் பகைத்துக் கொள்ளாமல் எப்படி விற்பது என்பதுதான் இன்றைய தலைப்பு. இது கணினிக்காரர்களின் பாடு, மற்றவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். மென்பொருள் துறைக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் நிரல் எழுதுவதில்லை. விளம்பரம், விற்பனை, வாடிக்கையாளர் தொடர்பு ஆகிய பிரிவுகளில் சேருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். மேலும், கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பது, கட்டணம் செலுத்துவது, பிள்ளைகள் விளையாடும் விளையாட்டு ஆகிய எல்லாமே யாரோ ஒரு நிரலாளர் என்றோ தேர்ந்தெடுத்த கருவிகளின் மேல்தான் நிற்கின்றன. அந்தத் தேர்வில் ஏமாற்றம் நுழைந்தால் அதன் விலையை எல்லாரும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பசார் மாலாமில் காய்கறி சீவும் கருவி விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ஒலிவாங்கியை மாட்டிக் கொண்டு, முள்ளங்கியையும் கேரட்டையும் கண்மூடித் திறப்பதற்குள் சீவித் தள்ளுவார். கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கும். பத்து வெள்ளிதானே என்று பலர் வாங்கிப் போவார்கள். மூன்றாம் நாள் அது மழுங்கிப் போனால் அலமாரியின் மூலையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். நட்டம் பத்து வெள்ளியோடு முடிந்தது.

அதே மனிதர் ஒரு பொற்கொல்லரிடம் போய்ச் சுத்தியல் விற்க முயன்றால் என்ன நடக்கும்? பொற்கொல்லர் அவருடைய பேச்சைக் கேட்க மாட்டார். சுத்தியலைக் கையில் வாங்கி எடை பார்ப்பார். ஒரு தகட்டை வைத்துத் தட்டிப் பார்ப்பார். பிறகுதான் விலை கேட்பார். நிரலாளர் அந்தப் பொற்கொல்லரைப் போன்றவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பொற்கொல்லர் நாளைக்கே வேறு சுத்தியல் வாங்கிக் கொள்ளலாம். நிரலாளர் வாங்கும் கருவியோ அவர் கட்டும் வீட்டின் அஸ்திவாரத்திற்குள் போய்விடும். இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து அதைப் பிடுங்கி எடுப்பது என்றால் பாதி வீட்டை இடிக்க வேண்டும். அதனால்தான் அவர் சந்தேகப்படுகிறார். நிரலாளர்களுக்கு விளம்பரமே பிடிக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மை அன்று. தவறாகத் தேர்ந்தெடுத்தால் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து அதைச் சரிசெய்யப் போகிறவர் அவர். அந்த அச்சம்தான் வெறுப்பாக வெளியே தெரிகிறது.

இந்தத் தொழிலுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1984ஆம் ஆண்டு ஜனவரியில் மெக்கின்டாஷ் கணினியை வெளியிட்டது. எவ்வளவு அழகான கணினியாக இருந்தாலும் அதில் ஓடுவதற்கு மென்பொருள் இல்லையென்றால் யார் வாங்குவார்கள்? எனவே, பிற நிறுவனங்களின் நிரலாளர்களைச் சந்தித்து, இந்தப் புதிய கணினியை நம்பி மென்பொருள் எழுதுங்கள் என்று இணங்க வைப்பதற்கென்றே ஆட்களை அமர்த்தினார்கள். அவர்களுக்கு வைத்த பதவிப் பெயர் 'இவாஞ்சலிஸ்ட்'. சமயப் பரப்புரை செய்பவர் என்று பொருள். 1983ஆம் ஆண்டு ஆப்பிளில் சேர்ந்த கை கவாசாக்கி இந்தப் பணியால் பெயர் பெற்றவர். இன்றும் பல நிறுவனங்களில் இதே பதவி வெவ்வேறு பெயர்களில் இருக்கிறது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பது பழமொழி. நிரலாளரிடம் ஆடவும் வேண்டாம், பாடவும் வேண்டாம். செய்து காட்டினால் போதும். இதற்கு இரண்டு நிறுவனங்களைச் சான்றாகச் சொல்லலாம்.

முதலாவது ட்விலியோ. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஒரு நிரலில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். அந்த நிரலே தொலைபேசி அழைப்பு விடுக்கும், குறுஞ்செய்தி அனுப்பும். இப்படி ஒரு சேவையை விற்க வந்த அதன் நிறுவனர் ஜெஃப் லாசன், நியூயார்க்கில் நடந்த ஒரு தொழில்நுட்பக் கூட்டத்தில் மேடையேறினார். பளபளப்பான படங்களைக் காட்டவில்லை. எல்லாரும் பார்த்துக் கொண்டிருக்க, அங்கேயே நிரலை எழுதினார். அரங்கில் இருந்தவர்களின் கைப்பேசிகள் ஒலித்தன. அதற்குமேல் அவர் என்ன சொல்ல வேண்டும்? பின்னாளில் அந்த நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தது. 'உங்கள் நிரலாளரைக் கேளுங்கள்' என்பதுதான் அதில் இருந்த வாசகம். பொருளின் பெருமை ஒரு வரிகூட இல்லை. முதலாளிமார்களைப் பார்த்து, உங்கள் வேலையாளின் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள் என்று சொன்ன விளம்பரம் அது. நிரலாளர்களின் மனத்தில் அது எப்படிப் பதிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் ட்விலியோ நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

இரண்டாவது ஸ்ட்ரைப். அயர்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் காலிசன், ஜான் காலிசன் என்னும் சகோதரர்கள் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். 2011ஆம் ஆண்டு பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அந்நாளில் ஓர் இணையத்தளத்தில் கடன் அட்டை வழியாகப் பணம் வாங்க வேண்டும் என்றால் வங்கிக்கு அலைய வேண்டும், படிவங்களை நிரப்ப வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இச்சகோதரர்கள் தங்கள் சேவையைப் பற்றி ஒருவரிடம் சொல்வார்கள். அவர் சரி, முயன்று பார்க்கிறேன் என்றால், பிறகு மின்னஞ்சல் அனுப்புகிறோம் என்று விட்டுவிட மாட்டார்கள். உங்கள் மடிக்கணினியைக் கொடுங்கள் என்று அங்கேயே வாங்கி, அப்போதே பொருத்திக் கொடுத்து விடுவார்கள்.

அதைவிட முக்கியமானது அவர்கள் எழுதிய வழிகாட்டி ஏடு. பல நிறுவனங்களில் விளம்பரத்திற்குப் பெரிய செலவு செய்துவிட்டு, பயன்படுத்தும் முறையை விளக்கும் பக்கங்களை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். ஸ்ட்ரைப் அதைத்தான் தன் கடைவாசலாக வைத்துக் கொண்டது. எடுத்துக்காட்டு நிரலை அப்படியே நகலெடுத்து ஓட்டிப் பார்க்கலாம். உண்மைப் பணம் தேவையில்லை. 4242 என்ற எண்ணை நான்கு முறை தட்டினால் அதுவே ஒரு சோதனைக் கடன் அட்டை. நிரலாளர் உலகில் அந்த எண்ணை அறியாதவர் குறைவு. பொற்கொல்லரின் கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது என்பது இதுதான்.

சரி, தவறு எங்கே நேருகிறது? கெட்ட எண்ணத்தோடு செய்பவர்கள் மட்டும்தான் நிரலாளர்களைப் பகைத்துக் கொள்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல எண்ணமும் சில வேளைகளில் காலை வாரிவிடும்.

டிஜிட்டல்ஓஷன் என்னும் நிறுவனம் 2014ஆம் ஆண்டிலிருந்து அக்டோபர் தோறும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற விழாவை நடத்தி வருகிறது. திறந்த மூல மென்பொருள்களுக்கு, அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தித் திருத்தவும் கூடிய மென்பொருள்களுக்குப் பங்களிப்புச் செய்கிறவர்களை ஊக்கப்படுத்துவது அதன் நோக்கம். 2020ஆம் ஆண்டு விதி இதுதான்: நான்கு திருத்தங்களை அனுப்பினால் ஒரு டி-சட்டை பரிசு. என்ன நடந்தது? சட்டைக்காகவே ஒரு பெருங்கூட்டம் கிளம்பியது. விளக்கக் குறிப்பில் ஒரு சொல்லைக் கூட்டி, ஒரு புள்ளியை மாற்றி, ஆயிரக்கணக்கில் வெற்றுத் திருத்தங்களை அனுப்பினார்கள். அந்த மென்பொருள்களைச் சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் பராமரித்து வருபவர்கள் உட்கார்ந்து அந்தக் குப்பைகளைக் கூட்டித் தள்ள வேண்டியதாயிற்று. எதிர்ப்புக் கிளம்பிய சில நாள்களுக்குள் நிறுவனம் விதியை மாற்றியது. விழாவில் சேர விரும்புவதாகத் தாங்களே அறிவித்த மென்பொருள்களுக்கு மட்டுமே திருத்தம் அனுப்பலாம் என்றது. விருந்துக்கு அழைக்கும் முன் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்ற சின்னப் பாடம் அது.

இன்னொரு நிகழ்ச்சி 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்தது. நிரல்களின் நடையைச் சரிபார்க்கும் பிரபலமான ஓர் இலவசக் கருவியை நிறுவும்போது, நிரலாளரின் கட்டளைத் திரையில் விளம்பரம் தோன்றத் தொடங்கியது. அதைப் பராமரித்தவரின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் இலவசமாக உழைக்கிறோம், கொஞ்சம் வருமானம் வேண்டாமா என்பது அவருடைய கேள்வி. ஆனால் கட்டளைத் திரை என்பது நிரலாளரின் வேலை மேசை. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி நகை செய்து கொண்டிருப்பவரின் மேசையில் துண்டு விளம்பரத்தைப் போட்டால் அவர் எப்படி எடுத்துக் கொள்வார்? கடும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களில் அந்தச் சோதனை கைவிடப்பட்டது. உழைத்தவருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற அவருடைய கேள்விக்கு மட்டும் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

இவை இரண்டும் சிறிய காயங்கள். இனிச் சொல்லப் போவது பெரிய காயம்.

யூனிட்டி என்பது கணினி, கைப்பேசி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள். 2004ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் பிறந்த நிறுவனம் அது. பெரிய முதலீடு இல்லாதவரும் விளையாட்டு உருவாக்கலாம் என்ற வாக்குறுதியோடு வளர்ந்தது. மாணவர்களும், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தொழில் செய்பவர்களும் அதை நம்பி வந்தார்கள். 2019ஆம் ஆண்டு அதன் ஒப்பந்த விதிகளைப் பற்றி ஒரு சர்ச்சை எழுந்தபோது, ஒரு பதிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பதிப்புக்குரிய விதிகளையே வைத்துக் கொள்ளலாம் என்று நிறுவனம் உறுதி கூறியது. விதிகளில் வரும் மாற்றங்களை எல்லாரும் பார்ப்பதற்குப் பொது இடம் ஒன்றையும் ஏற்படுத்தியது.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி புதிய அறிவிப்பு வந்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல், குறிப்பிட்ட வருமானத்தையும் குறிப்பிட்ட எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகள், ஒவ்வொரு முறை ஒருவரின் கருவியில் நிறுவப்படும்போதும் கட்டணம் செலுத்த வேண்டும். தொடக்க நிலைத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, ஓராண்டில் 200,000 டாலர் வருமானமும் மொத்தம் 200,000 நிறுவல்களும் தாண்டினால், அதற்குமேல் ஒவ்வொரு நிறுவலுக்கும் 20 சென்ட். ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும் என்றார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று நண்பர்கள் சேமிப்பையெல்லாம் போட்டு, மூன்றாண்டு உழைத்து, இலவசமாக விளையாடக்கூடிய ஒரு விளையாட்டை வெளியிடுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். விளம்பரத்தால் ஆண்டுக்கு 250,000 டாலர் வருகிறது. எல்லையைத் தாண்டிய பிறகு அடுத்த ஒரு மில்லியன் பேர் அதை நிறுவினால், கட்டணம் மட்டும் 200,000 டாலர். மிச்சத்தில் மூன்று குடும்பங்கள் பிழைக்க வேண்டும். விளையாட்டு புகழ் பெறப் பெற அவர்களுக்குப் பயம் கூடும். திருட்டுப் பிரதிகளுக்கும் கட்டணமா, ஒருவரே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் என்ன கணக்கு என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் உடனே வரவில்லை. அதைவிடக் கசப்பானது, விதிகளின் மாற்றத்தைக் காட்ட ஏற்படுத்திய அந்தப் பொது இடம் முன்பே நீக்கப்பட்டிருந்ததை நிரலாளர்கள் கண்டுபிடித்ததுதான்.

பிறகு நடந்ததை எந்த விளம்பரத்தாலும் தடுக்க முடியவில்லை. சில நிறுவனங்கள் யூனிட்டியின் விளம்பரச் சேவையைத் தங்கள் விளையாட்டுகளிலிருந்து நிறுத்தி வைத்தன. 'டெர்ரேரியா' என்ற புகழ்பெற்ற விளையாட்டை உருவாக்கிய ரீ-லாஜிக் நிறுவனம், யூனிட்டிக்கு மாற்றாக இருந்த கோடோ என்ற இலவசக் கருவிக்கு 100,000 டாலர் நன்கொடை கொடுத்தது. 'ஸ்லே தி ஸ்பையர்' விளையாட்டை உருவாக்கியவர்கள் அடுத்த பாகத்தை கோடோவுக்கு மாற்றினார்கள். செப்டம்பர் 22ஆம் தேதி யூனிட்டி மன்னிப்புக் கேட்டு விதிகளைத் தளர்த்தியது. அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி ஜான் ரிச்சிட்டியெல்லோ பதவி விலகினார். புதிய தலைமை வந்து, சரியாக ஓராண்டு கழித்து, 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி அந்தக் கட்டணத்தையே விளையாட்டு உருவாக்குவோருக்கு ரத்துச் செய்தது.

கட்டணம் போய்விட்டது. போன நம்பிக்கை திரும்பியதா? இன்று ஒரு மாணவன் எந்தக் கருவியைக் கற்கலாம் என்று ஆசிரியரைக் கேட்டால், அந்த ஆசிரியர் பதில் சொல்லும் முன் ஒரு நொடி யோசிப்பார். அந்த ஒரு நொடியைத்தான் நிறுவனம் இழந்தது.

அப்படியானால் நிறுவனங்கள் பணமே கேட்கக் கூடாதா? கேட்க வேண்டும். இலவசமாகவே கொடுத்துக் கொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான். கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. டாக்கர் நிறுவனத்தின் இரண்டு அறிவிப்புகளைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், 250 ஊழியர்களுக்கு மேல் அல்லது ஆண்டுக்கு 10 மில்லியன் டாலருக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனங்கள் இனித் தங்கள் மேசைக்கணினி மென்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டும் என்று அறிவித்தது. சிறிய நிறுவனங்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசம் தொடர்ந்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரி இறுதி வரை அவகாசமும் கொடுத்தது. முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் வசதி உள்ளவர் கட்டட்டும் என்பதில் உள்ள நியாயத்தைப் பலர் ஒப்புக் கொண்டார்கள்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதே நிறுவனம் இலவசக் குழுக் கணக்குகளை நிறுத்துவதாக மின்னஞ்சல் அனுப்பியது. முப்பது நாள் அவகாசம். கட்டாவிட்டால் சேமித்து வைத்தவை நீக்கப்படலாம் என்பது போன்ற தொனி. அந்தக் கணக்குகளில் பல, திறந்த மூல மென்பொருள்களைச் சம்பளமின்றிப் பராமரிப்பவர்களுடையவை. கொதித்து எழுந்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வாரம் முடிவதற்குள் முடிவையே திரும்பப் பெற்றது. ஒரே நிறுவனம், ஒரே நோக்கம். முதல் அறிவிப்பில் யார் கட்ட வேண்டும், எப்போது, ஏன் என்பது தெளிவாக இருந்தது. இரண்டாவதில் மிரட்டல் போன்ற ஒன்று முன்னே வந்து நின்றது.

இழந்ததை மீட்கவே முடியாதா என்றால், முடியும், காலம் பிடிக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர், மேடையில் வியர்வை வழிய 'டெவலப்பர்ஸ், டெவலப்பர்ஸ்' என்று முழங்கிய காட்சி உலகப் புகழ் பெற்றது. அதே பால்மர் 2001ஆம் ஆண்டு லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டார். மேடையில் அன்பு, பேட்டியில் பகை. நிரலாளர்கள் இரண்டாவதைத்தான் நினைவில் வைத்துக் கொண்டார்கள். 2014ஆம் ஆண்டு சத்யா நாதெல்லா பொறுப்புக்கு வந்தபின் நிறுவனம் முழக்கத்தைக் குறைத்துச் செயலைக் கூட்டியது. 2015ஆம் ஆண்டு 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' என்ற நிரல் எழுதும் கருவியை இலவசமாக வெளியிட்டது. அது லினக்ஸிலும் ஓடியது. 2018ஆம் ஆண்டு 7.5 பில்லியன் டாலருக்கு கிட்ஹப் தளத்தை வாங்கப் போவதாக அறிவித்தபோது, பழைய நினைவில் பலர் மூட்டை கட்டிக் கொண்டு வேறு தளத்திற்குப் போனார்கள். 2019 ஜனவரியில் தனியார் நிரல் பெட்டகங்களைச் சிறு குழுக்களுக்கு இலவசமாக்கினார்கள். பெருங்கூட்டம் அங்கேயே தங்கியது. இன்றும் முழுமையாக நம்பாதவர்கள் உண்டு. ஒரு சொல் இருபது ஆண்டுகள் நின்று தொல்லை கொடுக்கும் என்பதற்கு இது சான்று.

இத்துறைக்குப் போக நினைக்கும் இளைஞர்களுக்கு ஐந்து செய்திகள்.

முதலாவது, விற்பனையாளரிடம் பேசாமலே பொருளை முயன்று பார்க்க வழி செய்யுங்கள். பெயர், தொலைபேசி எண், நிறுவனத்தின் அளவு எல்லாம் கேட்ட பிறகே கதவைத் திறப்போம் என்றால் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பி விடுவார்கள்.

இரண்டாவது, விலையை வெளியே எழுதி வையுங்கள். சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியல் இல்லாவிட்டால் என்ன நினைப்பீர்களோ அதைத்தான் அவர்களும் நினைப்பார்கள்.

மூன்றாவது, உங்கள் பொருளால் எது முடியாது என்பதையும் சொல்லுங்கள். குறையை நீங்களே சொன்னால், நீங்கள் சொல்லும் நிறையையும் நம்புவார்கள்.

நான்காவது, வெளியேறும் வழியை அடைக்காதீர்கள். தன் தரவை எடுத்துக் கொண்டு போக முடியும் என்று தெரிந்தவர்தான் தயங்காமல் உள்ளே வருவார்.

ஐந்தாவது, நிரலாளர்களின் குறையைக் கேட்டு நிறுவனத்திற்குள் கொண்டு போகிறவராக இருங்கள். மக்கள் தொடர்பியல் பாடத்தில் சொல்பவர், செய்தி, கேட்பவர் என்று ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். அதில் கேட்பவரிடமிருந்து சொல்பவருக்குத் திரும்பி வரும் ஓர் அம்புக்குறியும் இருக்கும். தேர்வு முடிந்ததும் பலர் மறந்து போவது அந்த அம்புக்குறியைத்தான். யூனிட்டியின் அறிவிப்பை வெளியிடும் முன் நிரலாளர்களின் குரல் நிறுவனத்தின் மேல்மாடி வரை போயிருந்தால், ஓராண்டுத் துன்பம் இரு தரப்புக்கும் மிச்சமாகியிருக்கும்.

மேலாளர் ஒருநாள் வந்து, இந்த விலை மாற்றத்தைக் கொஞ்சம் மெருகேற்றி எழுதிக் கொடு, யாருக்கும் புரியாதபடி இருக்கட்டும் என்று சொல்லலாம். அப்போது அந்த மூன்று நண்பர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய மூன்றாண்டு உழைப்பு உங்கள் கருவியின் மேல் நிற்கிறது. புரியும்படி எழுதுங்கள். புரியும்படி எழுத முடியாத மாற்றம் என்றால், அது செய்யக்கூடாத மாற்றம் என்று மேலாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.